கடைசி வளைவு

மாதவிடாய் வந்தாலே அவளுக்கு இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை நரம்பு சுண்டி இழுக்கும், இன்றும் இழுக்கிறது. பெயர்ப்பலகை எழுதுகிற அவள் அந்த இடதுகாலை ஏணிப்படியில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, பாரமெல்லாம் வலதுகாலில் ஏற்றி நிற்கிறாள். இளவெயிலில் பலகை எழுத்துகளின் ஈரச் சிவப்பு மின்னுகிறது. "முடியலைன்னா இறங்கிடும்மா, அச்சடிச்ச பலகையே மாட்டிக்கறேன்," என்கிறார் கடைக்காரர். ஏணியைப் பிடித்திருக்கும் தங்கைக்குச் சுருக்கென்கிறது. "வலி கால்லதாண்ணே, கையில இல்ல. நீங்க வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க!" மேலே அக்கா சிரிக்கிறாள். சிரிப்பில் ஏணி குலுங்குகிறது, கோடு குலுங்கவில்லை. கடைசி எழுத்தின் வளைவு ஒரே இழுப்பில் முடிகிறது. கடைக்காரர் அண்ணாந்தபடியே நிற்கிறார். "போதும், இறங்குக்கா." "இருடி," என்றவள், பல்லைக் கடித்துக்கொண்டு, இதுவரை எந்தப் பலகையிலும் போடாத தன் பெயரைக் கீழ்மூலையில் எழுதத் தொடங்குகிறாள்.