காரை இடித்துக் கிச்சன் வாங்கியவன்

நெவிலை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது கார்த் தடத்தின் வேலியோரம். மழைக்கோட்டும் டீ ஃபிளாஸ்க்குமாக நின்றுகொண்டிருந்தான்.

"இன்னைக்காவது இன்சூரன்ஸ் எடுத்தியா, லென்?"

"எதுக்குய்யா? எங்க வீட்டுக் கிச்சன் நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பத்து நாள் கழித்து மாரடைப்பில் போய்விட்டான்.

அந்தக் கிச்சன் கதையைப் பத்தொன்பது வருஷமாக எங்கள் ஊர் பப்பில் சொல்லிவந்தவன் நான்தான்.

எங்கள் லிங்கன்ஷையர் மாவட்டத்தில் ஒரு பழைய விமானத்தளத்தைக் கார் ஓட்டும் தடமாக மாற்றியிருந்தார்கள். கட்டணம் கட்டினால் நாள் முழுக்க நம் காரை ஆசை தீர விரட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வழக்கமான கார் இன்சூரன்ஸ் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே யார் யாரை இடித்தாலும் அவரவர் நஷ்டம் அவரவருக்கு. வேண்டுமென்றால் அந்த ஒரு நாளுக்கென்று தனி இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

நெவில் ஒவ்வொரு தடவையும் எடுப்பான். ஆறு வருஷம் தன் கேரேஜில் உட்கார்ந்து, நட்டு நட்டாகப் பூட்டி அவனே செய்த பச்சைக் கார் அது. நான் ஒரு தடவையும் எடுத்ததில்லை. நன்றாக ஓட்டுகிறவனுக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்பது என் கட்சி. நான் நன்றாக ஓட்டுகிறவன் என்று சொன்னதும் நான் ஒருவன்தான்.

அந்தக் கதை நடந்த வருஷம் என் மனைவி ஹில்டா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாதத்தில் ஒரு நாள் தடத்துக்குப் போவேன்; அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் சவரம் செய்துகொண்டேன்.

ஒரு மாதம், தடத்துக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் பப்பில் உட்கார்ந்து நெவில் இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு மழைங்கறாங்க. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினா போதும். நீயும் ஒண்ணு போடேன்பா."

"குளிக்கப் போறவன் குடை எடுத்துட்டுப் போவானாய்யா?"

மேசையே சிரித்தது. அந்த உற்சாகத்தில் நான் விடவில்லை.

"இவன் ஓட்டறதே நத்தை மாதிரி. நத்தைக்குத்தான் முதுகு மேலயே வீடு இருக்கே, இன்சூரன்ஸ் வேற கேக்குதா?" என்று சொல்லி, என் பீர் கிளாஸை அவன் படிவத்தின் மேலேயே வைத்தேன்.

நெவிலுக்குக் காது சிவந்துவிட்டது. கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்தான். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் சொன்னபடி மழை. முன்னால் போகிறவர் கைகாட்டிய பிறகுதான் முந்தவேண்டும் என்பது அங்கே விதி. நத்தை கைகாட்டும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. முந்தினேன். அடுத்த வளைவில் என் கார் பம்பரமாகச் சுற்றி, அவன் பாதையில் குறுக்கே நின்றது.

அவனுக்கு இருந்தது இரண்டே வழி. ஒன்று நான், இன்னொன்று சுவர். அவன் சுவருக்குத் திருப்பினான்.

நெவிலுக்கு உதட்டில் ஒரு சின்னக் காயம். பச்சைக் கார் காகிதம் மாதிரி மடிந்து கிடந்தது.

"நெவில்... உன் காரு..."

"அட விடுய்யா. இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு? நீ அடுத்த மாசம் ஒழுங்கா வந்து சேரு."

அதோடு என் மனசாட்சி கடையைச் சாத்திக்கொண்டது. அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன்.

நெவில் வேறு கார் வாங்கவில்லை. ஃபிளாஸ்க்கோடு வேலியோரம் வந்து நின்று என்னை வேடிக்கை பார்த்தான். குளிர்காலம் வருவதற்குள் அவன் வீட்டில் புதுக் கிச்சன் வந்துவிட்டது. எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது: காருக்கு வந்த இன்சூரன்ஸ் பணம்தான் கிச்சனாகிவிட்டது. அன்றைக்கு நான் வைத்ததுதான் 'காரை இடிச்சுக் கிச்சன் வாங்கினவன்' என்ற பட்டம். பப்புக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் இந்தக் கதையைத்தான் பரிமாறுவேன். நெவில் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

அடக்கம் முடிந்து அவன் வீட்டில் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். அதே கிச்சனில்தான் நின்றிருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"நெவிலோட காருக்குள்ளயே நிக்கற மாதிரி இருக்கு, மொரீன்" என்றேன் அவன் மனைவியிடம்.

மொரீன் சிரிக்கவில்லை. "இது எங்கம்மா வீட்டை வித்த காசுல கட்டினது, லென்."

"அப்போ இன்சூரன்ஸ் பணம்?"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள்.

"அவர் இருக்கறவரைக்கும் உங்ககிட்ட காட்டக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'ஹில்டா போனப்புறம் அவனுக்குன்னு இருக்கறது அந்த ஒரு நாள்தான். இது தெரிஞ்சா காரை வித்துட்டு வீட்டுக்குள்ளயே கிடப்பான்'னு சொன்னாரு."

உறைக்குள் இருந்தது அன்றைக்கு அவன் நிரப்பிய படிவம்.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. பெயர், தேதி, காரின் மதிப்பு எல்லாம் அவனுடைய முத்து முத்தான எழுத்தில் இருக்கின்றன. கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்தில் கையெழுத்து இல்லை. என் பீர் கிளாஸின் வட்டக் கறை மட்டும் இருக்கிறது.