மஞ்சள் வயர், பச்சை வயர்

"இந்த வயரை மாட்டினது நீதானே?"

முத்துராமன் செல்போனை ராக்கப்பனின் முகத்துக்கு நேராக நீட்டினார். வளைகுடாவின் முவைலாவில் இருந்த அந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்பின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே பனியனோடு தனியாக உட்கார்ந்திருந்த ராக்கப்பனின் கண்கள் சிவந்திருந்தன. பட்டப்பகலில் தூங்கி எழுந்திருக்கிறானே என்று முத்துராமனுக்கு எரிச்சலாக வந்தது.

"நாந்தான் சார். ஏன், கொக்கி கழண்டுருச்சா?"

"கொக்கி நல்லாத்தான் இருக்கு. வீடியோவைப் பாரு."

வீடியோவில் காரின் இடது இண்டிகேட்டர் மினுங்கியது. பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த டிரெய்லரிலோ வலது விளக்கு மினுங்கியது.

போன வியாழக்கிழமை முத்துராமன் வீடு மாற்றினார். நண்பரிடம் டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு, காருக்குக் கொக்கி போட இங்கேதான் வந்தார். எவ்வளவு எடை இழுக்கும், கொக்கியின் உருண்டை என்ன அளவு, துருப்பிடிக்குமா என்று ராக்கப்பனைத் துளைத்து எடுத்துவிட்டார். வயருக்கு வந்தபோது அந்தப் பொறுமையெல்லாம் போய்விட்டது. இந்தக் காருக்கென்றே ரெடிமேட் வயரிங் இருக்கிறது, தப்பே வராது, ஆனால் வந்து சேர இரண்டு நாளாகும் என்றான் ராக்கப்பன். சாயங்காலத்துக்குள் பழைய ஃபிளாட்டின் சாவியைக் கொடுத்தாக வேண்டும், வெட்டி ஒட்டிக் கொடு போதும் என்று விரட்டினார் இவர்.

கடைசி நடையில் ஓட்டியது மகன் ரிஷி. யூ-டர்னில் இடதுபக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டான். டிரெய்லரில் நின்ற பீரோ காரின் விளக்குகளை மறைத்துவிட்டது. டிரெய்லரின் விளக்கு வலதுபக்கம் போகிறேன் என்று சொன்னது. அதை நம்பி இடதுபக்கமாக ஏறி வந்த பைக்காரன் அந்த இடத்திலேயே செத்துப்போனான்.

அன்றிலிருந்து ரிஷி ஸ்டேஷனில் இருக்கிறான். விளக்கு மாறி எரிவதைப் போலீசும் பார்த்துவிட்டது. வயரை மாற்றி ஒட்டியது யார், பையனேதானா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒட்டியவன் வந்து ஒப்புக்கொண்டால் பையன் வெளியே வந்துவிடுவான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மனைவி தாமரை நான்கு நாளாகச் சோறு தொடவில்லை. ஒப்புக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடித்தான் முத்துராமன் வந்திருந்தார். விபத்தைப் பற்றி முதலிலேயே வாயைத் திறந்தால் இவன் உஷாராகிவிடுவான்.

ராக்கப்பன் வீடியோவை இரண்டு தடவை பார்த்தான்.

"மாறித்தான் போச்சு சார். மஞ்சள் வரவேண்டிய இடத்துல பச்சைய ஒட்டிட்டேன் போல. எப்பவும் பின்னாடி நின்னு எரியவிட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன். அன்னைக்கு நீங்க வண்டிய எடுத்துட்டீக."

"அப்ப என் மேலதான் தப்புங்கிறியா?"

"ஐயோ, இல்ல சார். ஒட்டுன கை என்னோடது. தப்பும் என்னோடதுதான்."

முத்துராமனுக்கு மூச்சே இப்போதுதான் வந்தது. இன்றைக்கு ரிஷி வீட்டில் படுப்பான்.

"இதையே ஸ்டேஷன்ல வந்து சொல்லு. சட்டையைப் போடு, டாக்சி நிக்குது."

"ஸ்டேஷனா? லைட்டு மாறுனதுக்கா சார்?"

"போற வழியில சொல்றேன். கிளம்பு."

ராக்கப்பன் எழுந்தான். சட்டையை எடுத்தவன் போடாமல் நின்றான்.

"வர்றேன் சார். செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்றதுக்கு என்ன? ஆனா நாளைக்கு வரேனே. இன்னைக்கு ஏர்போர்ட் போகணும்."

"ஊருக்கு ஓடப் பாக்குறியா?"

"நான் போகல சார். தம்பி விமலோட பாடியை அனுப்புறோம். டெலிவரி பைக் ஓட்டினான். வியாழக்கிழமை சாயங்காலம், இந்தா, இந்த யூ-டர்ன்லதான். பின்னாடி போயி இடிச்சது அவன்தானாம், அவன் மேலதான் தப்பாம். எந்த வண்டின்னுகூட எங்களுக்கு இன்னும் சொல்லல. அவன் நிதானமா ஓட்டுறவன் சார். நாந்தான் கூட்டியாந்தேன். ஆத்தாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

முத்துராமன் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். டாக்சிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ராக்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். பயந்துபோய்க் கேட்டான்.

"சார், போலீஸ்னு சொல்றீகளே... என் வயரால யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

முத்துராமன் எழுந்து அவன் தோளைத் தொட்டார்.

"உங்களால ஒண்ணும் ஆகலை ராக்கப்பன். நீங்க மாட்டினது சரியாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போய் அதைப் பிரிச்சு, மஞ்சளையும் பச்சையையும் மாத்தி ஒட்டினது நான்தான். அதைத்தான் இப்ப ஸ்டேஷன்ல போய்ச் சொல்லப் போறேன்."