தீர்வை இலக்கம்

“இதை மரம் அறுக்கிற மெசின் எண்டு நீங்கள் சொல்லலாம். சுங்கம் அப்பிடி லேசில சொல்லாது” என்றார் வரதராசா, படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி. “இது எலும்பு அறுக்குமோ?”

“எலும்போ?” என்றாள் சந்திரமதி. “நான் கலியாண மணவறைக்குத் தூண் செய்யப் போறன். எலும்பால மணவறை செய்தால் எந்தப் பொம்பிளை வந்து இருப்பா?”

“சிரிக்கிற விசயமில்லை இது. மரம், தக்கை, எலும்பு, கடின றப்பர், கடின பிளாஸ்டிக் அறுத்தால் ஒரு இனம். கல்லு, கண்ணாடி எண்டால் வேற இனம். மாறிப் போட்டால் மெசின் எல்லையில நிக்கும்.”

ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் நிலக்கீழ் அறையில் இயங்கியது ‘அனைத்துலகச் சுங்கத் தீர்வை ஆலோசனை மையம்’. சுவருக்கு அந்தப் பக்கம் பொதுச் சலவை அறை. அங்கே துணி வேகமாகச் சுழலத் தொடங்கினால் இங்கே அனைத்துலகமும் சற்று நேரம் பேச்சை நிறுத்திக்கொள்ளும். மையத்தின் தலைவர், செயலாளர், தேநீர் ஊற்றுபவர் எல்லாமே வரதராசாதான். ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் படிவம் நிரப்பி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமையும் டை கட்டுவார். ‘சேர்’ என்று அழைத்தால் திரும்பிப் பார்ப்பார்.

சந்திரமதி, ரயிலில் வரவேண்டிய லாங்கன்தால் என்ற ஊரில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். கணவர் தவறி ஏழு வருடம். ஜெர்மனியில் பழைய மெசின் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அதை இங்கே இறக்க என்ன தீர்வை இலக்கம் போடவேண்டும் என்றும் கேட்டுத்தான் முதல் தடவை வந்தாள். அந்த இலக்கம் வரதராசாவுக்கு நித்திரையில் தட்டிக் கேட்டாலும் தெரியும்.

ஆனால் அன்று அவர் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, “உங்கட தேத்தண்ணியில ஏலக்காய் கூடிப்போச்சு” என்று அவள் சொன்னாள். மனைவி இறந்த ஆறு வருடத்தில் அவருடைய தேநீரைப் பற்றி ஒருவரும் நல்லதோ கெட்டதோ சொன்னதில்லை. இலக்கத்தைச் சொன்னால் அவள் எழுதிக்கொண்டு எழுந்துபோய்விடுவாள்.

“வாளின்ர பல்லை எண்ணிக்கொண்டு அடுத்த சனி வாங்கோ” என்றுவிட்டார்.

எண்ணிக்கொண்டு வந்தாள். மோட்டாரின் படம் கேட்டார், கொண்டுவந்தாள். கருவியை மாற்றாமல் இரண்டு வேலை செய்யுமா என்று கேட்டார், விசாரித்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் புதுக் கேள்வி தேடுவதே அவருக்கு உத்தியோகமாகிவிட்டது. தக்கை கேட்டாயிற்று, றப்பர் கேட்டாயிற்று. இது ஒன்பதாவது சனி. எலும்புக்குப் பிறகு கேட்க ஒன்றுமில்லை.

“இந்தப் படத்தில வாளில தூள் கிடக்குது. மரத்தூளோ, எலும்புத்தூளோ?”

“மரத்தூள்தான்.”

“நிச்சயமோ?”

“சேர், இந்த நாட்டுக்காரர் மலையைக் குடைஞ்சு ரயில் விட்ட மெசினுக்கும் இப்பிடி ஒன்பது கிழமை கேள்வி கேட்டவையோ?”

“அது வேற இனம்” என்றார் வரதராசா கம்பீரமாக.

கதவு தட்டாமலே திறந்தது. மூன்றாம் மாடி மனோகரி, இடுப்பில் உடுப்புக் கூடையோடு நின்றாள்.

“அண்ணை, சலவை அறைத் திறப்பு உங்களிட்டயோ? இண்டைக்கு என்ர முறை.” மேசையில் கிடந்த படங்கள் கண்ணில் பட்டன. “என்ன அக்கா, மெசின் இறக்கப் போறியளோ?”

“ஓம். என்ன வரி வரும் எண்டு இவர் பாக்கிறார்.”

“வரியோ?” மனோகரி சிரித்தாள். “கைத்தொழில் சாமானுக்கெல்லாம் வரியை இந்த நாட்டில இருபத்திநாலாம் ஆண்டே எடுத்திட்டாங்களெல்லோ. எந்த இலக்கம் போட்டாலும் பூச்சியம்தான். அண்ணை, நீங்கள் அக்காவுக்குச் சொல்லேல்லையோ?”

சாவியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

வரதராசா டையைத் தளர்த்தினார். கழுத்து இவ்வளவு மெலிந்தது என்று சந்திரமதிக்கு அதுவரை தெரியவில்லை. ஒரு தாளை எடுத்து நான்கு இலக்க எண்ணை எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

“எண்பத்திநாலு, அறுபத்தைஞ்சு. எலும்பு அறுத்தாலும் அதுதான், மரம் அறுத்தாலும் அதுதான். நீங்கள் வந்த முதல் நாளே எனக்குத் தெரியும். வரி இல்லை எண்டதும் தெரியும்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் ஏன் திரும்பி வரப் போறியள்?” அவர் நிமிரவில்லை. “ஒன்பது கிழமை லாங்கன்தாலில இருந்து அலைக்கழிச்சுப்போட்டன். மன்னியுங்கோ. இனி வீணா ரயில் ஏறத் தேவையில்லை.”

சந்திரமதி அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு எழுந்திருக்காமல், காலியான கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“வித்த ஜெர்மன்காரன் இதே இலக்கத்தை எழுதித்தான் பில் அனுப்பினவன்” என்றாள். “மெசின் என்ர வீட்டுக்கு வந்து ஏழு கிழமை, நீங்கள் எந்தச் சனிக்கிழமை இதைச் சொல்லிப்போடுவியளோ எண்டு பயந்து பயந்துதான் நான் ஒவ்வொரு முறையும் ரயில் ஏறினனான்.”