ஏறக்கூடாத பிரஷர்

"நீங்கதான் மயக்க மருந்து கொடுக்கணுமாம் சார். வேற யார் வந்தாலும் ஆபரேஷனே வேண்டாம்னு அந்தம்மா ஒரே பிடிவாதம்" என்றார் மூளை அறுவை டாக்டர். அவர் அந்த மருத்துவமனையில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

மயக்க மருந்து டாக்டருக்கு அங்கே 'நிதானம்' என்று பட்டப்பெயர். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காத மனிதர். எத்தனையோ பேரைத் தூங்கவைத்து, பத்திரமாக எழுப்பியும் விட்டவர். அப்பேர்ப்பட்டவர், நோயாளியின் கேஸ் தாளை ஒருமுறை புரட்டிப் பார்த்ததும் நழுவப் பார்த்தார். தன் ஜூனியர் கெட்டிக்காரி, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். தனக்கு இடுப்பு வலி என்றும் சொல்லிப் பார்த்தார்.

மூளை டாக்டர் விடவில்லை. இவருடைய கைராசி அந்தம்மாவின் காதுவரை எட்டியிருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். கைராசியாவது ஒன்றாவது என்று முனகிக்கொண்டே இவர் ஒப்புக்கொண்டார்.

விஷயம் சிக்கலானதுதான். அந்தம்மாவின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. அதை அடைப்பது மூளை டாக்டரின் வேலை. ஆனால் அதற்கு முன்னால், மூச்சுக்கான குழாயைத் தொண்டைக்குள் இறக்க வேண்டும். ஆள் என்னதான் ஆழ்ந்து தூங்கினாலும், தொண்டையில் எதையாவது நுழைத்தால் உடம்பு பதறிப்போகும். பிரஷர் எகிறும், இதயம் தாவும். மற்றவர்களுக்கு அது ஒரு நிமிடத்துச் சமாசாரம். இந்தம்மாவுக்கோ பலூன் வெடித்துவிடலாம். அதற்குப் பயந்து பிரஷரை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்கு ரத்தம் போதாது. மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

மறுநாள் காலை டாக்டர் மருந்து ஊசிகளை வரிசையாக அடுக்கினார். வலியை மழுக்க ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, தொண்டையின் பதற்றத்தைத் தணிக்க லிக்னோகெயின், இதயத்தின் ஓட்டத்துக்குக் கடிவாளம் போட எஸ்மோலால். கடைசி மருந்து வந்த வேகத்தில் வேலை செய்துவிட்டு, சில நிமிடங்களில் கரைந்துபோகும். அதனால் நேரம் தப்பக்கூடாது. ஊசிகளின் மேல் ஒட்டிய பெயர்களைப் படித்தார். திரும்பப் படித்தார். மூன்றாம் முறை படித்தபோது நர்ஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையிலேயே பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். மிஷின் காட்டிய எண் வேறு யாருக்காவது வந்திருந்தால், ஆபரேஷனைத் தள்ளிப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஊருக்குத்தான் உபதேசம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பட்டையை அவிழ்த்துவிட்டு வந்தார்.

"சிஸ்டர், இன்னிக்கு நான் பேசப்போறதில்ல. அவங்க தூங்கறவரைக்கும் நீங்களே பேச்சுக் கொடுங்க" என்றார்.

நர்ஸுக்கு ஆச்சரியம். நோயாளியிடம் கதை பேசியே பாதி மயக்கத்தை வரவைப்பவர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

"'டென்ஷன் ஆகாதே'ங்கற வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது. அதுக்குத்தான் முதல்ல ஏறும். 'எல்லாம் நான் பாத்துக்கறேன்'னும் வேண்டாம்."

"அப்ப என்னதான் சார் பேசறது?"

"அவங்க பேசட்டும். நடுவுல குறுக்க விழாம கேளுங்க. அது போதும்."

ஏதோ புது ஆராய்ச்சி போலிருக்கிறது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

அந்தம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். டாக்டர் முகமூடியைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்து விட்டுக்கொண்டு தலைமாட்டில் நின்றார். "வந்துட்டாரா?" என்று அந்தம்மா நர்ஸைக் கேட்டாள். வந்துவிட்டார் என்றாள் நர்ஸ். அதன்பின் அந்தம்மா தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தைப் பற்றி, மாடித் தொட்டிச் செடிகளைப் பற்றி, கதவு சரியாக மூடாத குளியலறையைப் பற்றியெல்லாம் பேசினாள். நர்ஸ் 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஒரு சொட்டு மருந்தும் இறங்குவதற்கு முன்பே திரையில் பிரஷர் மெல்லத் தணிந்தது. அதைப் பார்த்த டாக்டருக்கு ஏனோ முகம் சிறுத்துப்போயிற்று.

பிறகு மருந்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. பேச்சு பாதியில் நின்றது. டாக்டர் காத்திருந்தார். எஸ்மோலாலைச் செலுத்தி மறுபடி காத்திருந்தார். நாக்கைத் தூக்கிப் பிடித்து, குழாயை உள்ளே வழுக்கினார். அறையே திரையைப் பார்த்தது. எண் லேசாக அசைந்தது, அப்படியே நின்றது.

"கோடு போட்ட மாதிரி நிக்குதே சார்" என்றார் மூளை டாக்டர்.

'நிதானம்' கீழே ஏதோ ஒயரைச் சரிபார்ப்பவர் போல ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாலையில் அந்தம்மா கண் விழித்து, சொன்னபடி கையை மடக்கினாள், காலை நீட்டினாள். மூளை டாக்டருக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் நின்று, ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த டிரிப்ஸை 'நிதானம்' சரிசெய்துகொண்டிருந்தார்.

"இத்தனை டாக்டர் இருக்காங்க. இவர்தான் வேணும்னு ஏம்மா அடம் பிடிச்சீங்க? யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார் மூளை டாக்டர்.

குழாயை எடுத்த தொண்டை கரகரத்தது. ஆனாலும் அந்தம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"யாரும் சொல்லல டாக்டர். என் பிரஷர் எதுக்கெல்லாம் ஏறும்னு இவருக்குத்தான் முழுசாத் தெரியும். விவாகரத்து ஆகறவரைக்கும் பதினோரு வருஷம் ஏத்திவிட்டதே இவர்தானே."