நிகர எடை

பட்டாசு ஏற்றுமதிப் படிவத்தில் நிகர எடை என்றொரு கட்டம் உண்டு. அதில் வெடிமருந்தை மட்டும் கிலோகிராமில் எழுத வேண்டும். பெட்டி சேராது, காகிதம் சேராது, மருந்து செலுத்திய ஆட்கள் சேரவே மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடித்து சிவகாசி ஆலைக்குத் திரும்பிய எழுத்தர் குருவையா, கட்டத்தில் இருந்த நானூற்றை அடித்து முந்நூற்றுத் தொண்ணூற்றாறு என்று திருத்தினார். மீதி நாலு கிலோ, ஏழாம் நம்பர் அறையில் அவர் மனைவி வேலுத்தாய் செலுத்திக்கொண்டிருந்தபோதே வெடித்துவிட்டது.

படிவத்தின் நகல் கிடைத்ததும் தூத்துக்குடி கப்பல் ஏஜெண்டு போனில் கூப்பிட்டான்.

"என்ன அண்ணாச்சி, நாலு கிலோ குறையுது? தின்னுட்டீங்களா?"

"அது வேலுத்தாயிகிட்ட இருக்கு, தம்பி."

"அப்ப அந்த அக்காட்ட கேட்டு வாங்கி வையுங்க. அடிச்சுத் திருத்துன படிவத்த கப்பல்காரன் எடுக்க மாட்டான். சரக்கு லாரிய அங்கயே ஆறு மணி வரைக்கும் நிறுத்தச் சொல்லுதேன்."

குருவையா சரி என்றார். புதுப் படிவம் எடுத்து, எண்ணுக்கு இடம் விட்டு, கிலோகிராம் என்று மட்டும் எழுதினார். பிறகு நாற்காலியை ஏழாம் நம்பர் அறை இருந்த பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

ஆலை வாசலில் லாரி ஆறரை வரைக்கும் நின்றது.