சாயங்காலத் திட்டு

பக்கத்து வீட்டு மணிமொழி போனில் கத்துவதை இன்றும் கேட்ட வினோதினி டீச்சருக்குப் பொறுக்கவில்லை. தா.பழூருக்கு மாற்றலாகி, போன வாரம்தான் அவர் குடிவந்திருந்தார்; மணிமொழியின் கணவர் பட்டாளத்துக்காரர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்.

"இன்னைக்கும் சோத்தை மிச்சம் வச்சீங்களா? காலையிலேர்ந்து சேத்துல நின்னு நாத்து நட்டுட்டு வரேன், எனக்குப் பசிக்குது. உங்களுக்கு மட்டும் பசி எங்க போச்சு? தூங்கவும் இல்லையாமே! வெக்கமா இல்ல? போனை வைங்க!"

டீச்சர் நேரே மணிமொழியின் வீட்டுக்குள்ளே போய்விட்டார்.

"ஏம்மா, எல்லையில சண்டை நடக்குது. உசுரைக் கையில புடிச்சிட்டு நிக்கிற மனுசன்கிட்ட இப்படியா பேசுவ?"

மணிமொழி சேறு காயாத காலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"திட்டுனாத்தான் சாப்புடுவாங்க டீச்சர். என் வூட்டுக்காரரு அங்க இருந்தப்ப, நான் திட்டுறதை ஸ்பீக்கர்ல போட்டுடுவாரு. கூட இருக்கிறவங்களுக்கு அவங்கவங்க வூட்ல இருக்கிற மாதிரியே இருக்குமாம். அந்தப் பழக்கத்துல இப்பவும் அவங்க எல்லாருமாத்தான் கூப்புடுறாங்க."

"அங்க இருந்தப்பன்னா... இப்ப அவரு?" டீச்சரின் கண்கள் சுவரில் மாலை போட்ட படத்தைத் தேடின.

உள் அறையிலிருந்து அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஒருவர் வந்தார். மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது.

"நல்லவேளை வந்தீங்க டீச்சர். என்னையும் நாலு வார்த்தை திட்டச் சொல்லுங்க. கால் போனதுலேர்ந்து என்கிட்ட மட்டும் இவ அதிர்ந்து பேசவே மாட்டேங்கிறா."