கமலாசனியின் பங்கர்

"உங்கட அம்மா வளவுக்குள்ள பங்கர் வெட்டுறா, தெரியுமோ?"

தயாபரன் கடையில் பாண் வாங்க நின்ற ஜெயரூபிக்கு முகம் சுண்டிப்போனது.

"சண்டை வந்தாலும் அரபு நாட்டிலதான் வரும். ஸ்கந்தபுரத்துக்கு என்ன பயம்?" என்று ஒருவர் சிரித்தார். சிரித்தவரின் சைக்கிளிலும் இரண்டு கான் மண்ணெண்ணெய் தொங்கியது.

கடை டிவியில் நீளமான மேசை. இரண்டு பக்கமும் கோட் போட்டவர்கள். பேச்சு முறிந்தால் நாளைக்கே சண்டை தொடங்கலாமாம். யாரும் பாணை வாங்கிக்கொண்டு போவதாக இல்லை.

ஜெயரூபி சைக்கிளை மிதித்தாள். தம்பி பிரதாபன் அந்த நாட்டில்தான், பாலைவன ஓரத்துப் பேரீச்சந் தோட்டத்தில் வேலை. அந்தப் பயத்தில் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டதோ? அப்பா ஷெல் பட்டுச் செத்த அன்றுகூடக் குழம்பாத மனுசி.

வளவில் கமலாசனி இடுப்பளவு குழிக்குள் நின்றாள்.

"அம்மா, வெளியால வாங்கோ. ஊர் சிரிக்குது. பேச்சுவார்த்தை நல்லாப் போகுதாம். கை குடுத்துப் படமும் எடுத்திட்டினம்."

"கை குடுக்கிற படம் நாங்கள் பாக்காததோ, பிள்ளை?" கமலாசனி நிமிரவில்லை. "கொஞ்சம் தள்ளி நில். போனை மறைக்கிறாய்."

அப்போதுதான் ஜெயரூபி கண்டாள். கதிரையில் போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் பிரதாபன். அவனும் ஒரு குழிக்குள் நின்றான்.

"அம்மா, மணல் சரியுது."

"பலகையை நிமித்தி வை, தம்பி. வாசலை நேர வெட்டாதை. இஞ்ச பார், இப்பிடி மடக்கோணும். இல்லாட்டிக் குண்டுச் சிதறல் உள்ளுக்க வரும்."

சொல்லிக்கொண்டே வெட்டிக் காட்டினாள். அங்கே அவனும் அப்படியே வெட்டினான்.

ஜெயரூபி போனை மறைக்காமல் விலகி நின்றாள். ஊரில் சண்டை நடந்த நாட்களில் தம்பி சின்னப்பிள்ளை. பங்கருக்குள் இருந்தவனே தவிர, வெட்டியவனல்ல. அம்மா இங்கே நின்றபடி கடலுக்கு அப்பால் அவனுக்கொரு பங்கர் வெட்டிக்கொண்டிருந்தாள்.

பிரதாபனுக்குப் பக்கத்தில் நெட்டையான ஒருவன் மண் அள்ளினான். அம்மா சொல்வதைத் தம்பி அவனுக்குச் சிங்களத்தில் சொன்னான்.

"அது ஆர், அம்மா?"

"பந்துல. தம்பியின்ர அறையில இருக்கிறவன். முந்தி ஆமி. கடைசிச் சண்டையில எங்கட பக்கம் ஷெல்லடிச்சவையோட நிண்டவனாம். தம்பிக்கு அவனே சொன்னவன்."

ஜெயரூபிக்கு அப்பாவின் முகம் வந்து போனது.

"தெரிஞ்சுகொண்டோ அம்மா அவனுக்கும் சொல்லிக்குடுக்கிறியள்?"

கமலாசனி திரையைப் பார்த்தாள். "தம்பி, இன்னும் ஒரு முழம் ஆழமா வெட்டு. அந்தப் பெடியன்ர தலை வெளியில தெரியுது."

பிறகு மகளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அவனுக்கு அடிக்கத்தான் பழக்கினவை, பிள்ளை. ஒளிக்க ஆர் சொல்லிக்குடுத்தது?"